என்ன எரிபொருள் என்று கேட்டுவிட்டு நாசிலைத் தூக்கும் பங்க்

மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் நடுவில், திண்டுக்கல் போகிற பக்கம் இருக்கும் இந்த பங்கில் மூன்று வருடமாக மாதம் இரண்டு தடவையாவது வண்டியை நிறுத்துகிறேன். வண்டி நின்றதும் இங்கே வேலை செய்கிற அக்கா முதலில் கேட்பது "எவ்வளவுக்கு?" என்று இல்லை. "தம்பி, டீசலா பெட்ரோலா?" என்றுதான் கேட்பார். நான் "டீசல்க்கா" என்று சொன்ன பிறகும் டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற எழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டீசல் போடுறேன், ஜீரோ பாத்துக்கங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நாசிலைத் தூக்குவார். மூன்று வருடத்தில் ஒரு தடவை கூட இது மாறியதில்லை, என் முகம் நன்றாகத் தெரிந்த பிறகும் கேட்கிறார். நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பதில் மூன்று இதற்கே போகிறது.

இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். எனக்குப் பெரிய விஷயம்தான். இந்த பங்கைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், வேறு ஊரில் வேறொரு பங்கில், ராத்திரி பதினொரு மணிக்கு, கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எங்கள் டீசல் காரில் 12 லிட்டர் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் இறங்கிப் பார்க்கவில்லை. பில்லை வாங்கிப் பார்த்த மச்சான்தான் "லிட்டர் நூத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கே, டீசல் தொண்ணூத்தி ரெண்டுதானே" என்றார். அந்த ஒரு வரியால் வண்டி தப்பியது. சாவியைத் திருகவே இல்லை, நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம், காலையில் மெக்கானிக் வந்து டேங்க்கை முழுசாக இறக்கிக் கழுவிக் கொடுத்தார். ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்: டீசல் வண்டியின் உயர் அழுத்த பம்புக்கு டீசலேதான் மசகெண்ணெய், அதில் இருக்கிற பிசுபிசுப்பு பெட்ரோலில் கிடையாது, வறண்டு உராய்ந்து உலோகத்தூள் கிளம்பினால் அது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வரைக்கும் போகும், அப்புறம் செலவு லட்சத்தைத் தொடும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் போட்டாலும் தொல்லைதான், புகை தள்ளும், பிளக் அடைத்து வண்டி நின்றுவிடும், ஆனால் டேங்க்கையும் பைப்பையும் சுத்தம் செய்துவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். டீசல் வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம்.

அன்று பெட்ரோலை ஊற்றிய பங்க் பையனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, மற்ற கம்பெனிகளும் சின்ன கார்களில் டீசலை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அதனால் சின்ன கார் வந்து நின்றாலே பெட்ரோல்தான் என்று கை தானாகப் போகிறது. பழைய டீசல் கார் வைத்திருக்கிறவர்கள் இனிமேல்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. டீசல் நாசிலின் வாய் பொதுவாகப் பெரிது, பெட்ரோல் காரின் டேங்க் கழுத்தில் நுழையாது. பெட்ரோல் நாசில் சிறியது, டீசல் காரில் சுலபமாக நுழைந்துவிடும். அதாவது எது அதிகம் கெடுக்குமோ அந்தத் தப்பைத் தடுக்க எதுவும் இல்லை, கேள்வி கேட்கிற ஒரு மனுஷர்தான் தடுக்க முடியும். நாசிலின் நிறத்தை நம்பலாமே என்றால், கம்பெனிக்குக் கம்பெனி, பங்குக்கு பங்க் நிறம் மாறுகிறது. எழுத்தைப் படிப்பதுதான் வழி.

இங்கே எழுத்து பெரிதாக இருக்கிறது. மெஷினுக்கு மேலே "பெட்ரோல்", "டீசல்" என்று தமிழில், தூரத்திலிருந்தே தெரிகிற அளவில் எழுதி வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த பெட்ரோல் தனி மெஷினில், தனியாகத் தள்ளி.

அந்த விலை உயர்ந்த பெட்ரோல் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் கேட்காமலேயே அதைப் போட்டுவிட்டு லிட்டருக்குச் சில ரூபாய் கூட வாங்கிவிடுகிறார்கள். எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர், நம் ஊரில் எல்லாமே "பவர் பெட்ரோல்"தான். என் தம்பி அவனுடைய 110 சிசி பைக்குக்கு இங்கே வந்து பவர் கேட்டான். அந்த அக்கா "இந்த வண்டிக்கு எதுக்குப்பா, சாதாவே போதும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். விற்பனையை விட்டுக்கொடுத்துச் சொன்ன பேச்சு அது, சரியான பேச்சும் கூட. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதில்லை. இன்ஜினுக்குள் அழுத்தும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. அழுத்த விகிதம் அதிகமுள்ள பெரிய பைக், டர்போ கார் இவற்றுக்கு அது வேண்டும், அந்த வண்டியின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். சாதாரண பைக்குக்கு அதனால் மைலேஜ் ஏறிவிடாது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேனில் எக்ஸ்பி100 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதுவும் பந்தய ரக வண்டிகளுக்கான சரக்குதான், 110 சிசிக்கு இல்லை.

இப்போது எல்லோரும் பேசுகிற இ20 விஷயத்துக்கு வருகிறேன். 100 பங்கு பெட்ரோலில் 20 பங்கு எத்தனால் என்கிற ஆல்கஹால், 2023 பிப்ரவரியில் சில ஊர்களில் ஆரம்பித்து இன்று நம் சாதா பெட்ரோலே அதுதான் என்ற நிலைக்கு வந்துவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108, ஆனால் எரிந்து தருகிற வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது, இரண்டும் ஒரே சமயத்தில். மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பு கார்களில் 6, 7 சதவீதமும் பைக்குகளில் 3, 4 சதவீதமும் குறையும் என்று சொல்லியிருந்தது. எங்கள் அப்பாவின் பழைய பைக்கில் 55 கிடைத்த இடத்தில் இப்போது 52, 53 கிடைக்கிறது, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

அப்பா இதை மேனேஜரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டார், "பெட்ரோல்ல என்ன கலக்குறீங்க?" என்று. வேறு இடமாக இருந்தால் சண்டை ஆகியிருக்கும். இவர் "வாங்கய்யா, காட்டுறேன்" என்று, மெஷின்களை விட்டுத் தள்ளி ஆபீசுக்குப் பின்னால் கூட்டிப்போய், கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்த தண்ணீர்ப் பகுதி ஏறி 60-ஐ ஒட்டி நின்றது. எத்தனாலுக்குத் தண்ணீர் பிடிக்கும், பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது, அந்த ஏறின 10 மில்லிதான் நீங்கள் கேட்ட கலப்பு என்றார். அப்பாவுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. கூடவே அவர் ஒரு யோசனையும் சொன்னார்: பழைய வண்டியை டேங்க்கில் அரைகுறையாகப் பெட்ரோலை வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், காற்றில் இருக்கிற ஈரத்தை எத்தனால் இழுக்கும், ரப்பர் பைப்பை வருடம் ஒரு தடவை பார்த்து மாற்றுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இ20 தாங்குகிற ரப்பர்தான் வருகிறது, கவலை அதற்கு முந்தியவற்றுக்குத்தான். இதே காரணத்துக்காக மழைக்காலத்தில் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று அளவுகோலில் தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பசையைத் தடவி விட்டுப் பார்ப்பதையும் இங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், இது நம் உரிமை, எந்த பங்கிலும் கேட்கலாம். நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும், மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். எத்தனாலும் ஆவியாகிவிடும் என்பதால் இந்தப் பேப்பரில் இ10 (10 பங்கு எத்தனால்), இ20 வித்தியாசம் தெரியாது, அதற்குத் தண்ணீர்க் குடுவைதான். அன்றைய அடர்த்தியை (கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று) பலகையில் எழுதி வைக்கிறார்கள்: பெட்ரோல் 720-க்கும் 775-க்கும் இடையில், டீசல் 820, 830 என்று இருக்கும், அந்த எண்ணைப் பார்த்தாலே எது எது என்று பிடிபட்டுவிடும். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டுகிறார்கள், 25 மில்லி வரைதான் கூடக்குறைய இருக்கலாம். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் கோட்டிலேயே நின்றது.

லாரி பக்கம் இருக்கிற ஒரு நல்ல ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்6 லாரிகளுக்கு டீசலோடு டி.இ.எஃப் என்று யூரியாக் கரைசல் ஒன்று தேவை, 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர். அது எரிபொருள் இல்லை, புகையைச் சுத்தம் செய்ய சைலன்ஸர் பக்கம் போகிற திரவம், நீல மூடி போட்ட தனி டேங்க்கில்தான் ஊற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போச்சு. அந்த வாளிகளை டீசல் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காமல் காற்றடிக்கிற இடத்தில் தள்ளி வைத்திருக்கிறார்கள், "நீல மூடியில் மட்டும்" என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வருகிறவர்களை நினைத்துச் செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிறு சாயங்காலம் வரிசை சாலை வரைக்கும் நீளும், ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுப் போடுவதால் இன்னும் மெதுவாகத்தான் நகரும், எனக்கு அது பரவாயில்லை. கழிப்பறை காலையில் சுத்தம், சாயங்காலம் இல்லை. பெரிய குறை இது: இரண்டு சாதா பெட்ரோல் மெஷின்களில் ஒன்றில் மட்டும்தான் இ20 ஸ்டிக்கர் இருக்கிறது, மற்றதில் உரிந்துபோய் நாலு மாதம் ஆகிறது. பழைய வண்டிக்காரர் ஒருவர் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு "அப்ப இதுல எத்தனால் இல்லையா?" என்று நம்பிக்கையோடு வரிசை மாறி நின்றார், அக்காதான் சொல்லிப் புரியவைத்தார். மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், புது ஸ்டிக்கர் கேட்டிருப்பதாகச் சொல்கிறார். அது ஒட்டப்பட்டதும் ஐந்தாவது நட்சத்திரத்தையும் சேர்த்துவிடுகிறேன்.