ஆறு முறை சர்வீஸ், கடைசியில் வண்டியே வேண்டாம் என்று சொன்ன அனுபவம்

புது வண்டி எடுத்து ஒன்பதாம் நாள் காலை. கைப்பிடியைத் தொட்டால் தானாகத் திறக்க வேண்டிய கதவு திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினாலும் அசைவில்லை. ரிமோட்டுக்குள்ளே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதைப் போட்டுத் திறந்து உட்கார்ந்தால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு கூட இல்லை. வண்டி ஓடியிருந்தது வெறும் 312 கிலோமீட்டர்.

ஷோரூமில் சொன்ன விளக்கம் நியாயமாகவே இருந்தது. "யார்டுல ரொம்ப நாள் நின்னிருக்கும் மேடம், பேட்டரி இறங்கியிருக்கும்." சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள், நானும் நன்றி சொல்லி வாங்கி வந்தேன். என்ன கோளாறு, என்ன வேலை என்று பட்டறை எழுதித் தரும் ஜாப் கார்டை நான் கேட்கவில்லை. "சின்ன விஷயம், எதுக்கு மேடம் பேப்பர்" என்றார் சர்வீஸ் அட்வைசர். எனக்கும் அப்படித்தான் பட்டது. பின்னாளில் அந்த ஒரு காகிதத்துக்காக எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

இருபத்தொன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. இந்த முறை ஜம்ப் ஸ்டார்ட் செய்ததும் ஏபிஎஸ், ஸ்டீயரிங், டயர் காற்றழுத்தம் என்று எல்லா எச்சரிக்கை விளக்குகளும் கூட்டமாக எரிந்தன. நான்கு நாள் வைத்திருந்து சாப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டுக் கொடுத்தார்கள். நாற்பத்துநான்காம் நாள் பேட்டரியையே மாற்றினார்கள். அறுபத்துமூன்றாம் நாள் "வெளியில ஏதாவது டேஷ்கேம் மாட்டியிருப்பீங்க" என்றார்கள். நான் மாட்டவில்லை. "அப்போ ரொம்பக் குறைஞ்ச தூரம் ஓட்டுறீங்க." என் ஓட்டம் தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்கு அடுத்து வந்த கேள்விதான் உச்சம்: "சார் ஓட்டும்போதும் இப்படி வருதா மேடம்?" வண்டி நிற்கும்போது வரும் கோளாறுக்கும் யார் ஓட்டுகிறார்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டேன். ஐந்து நாள் வைத்திருந்து, 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வரி பொய்யில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவர்கள் செய்த சோதனை ஓட்டிப் பார்ப்பது. அறுபது கிலோமீட்டர் ஓட்டினால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பிவிடும். அப்புறம் பட்டறைக்குள் ஒரு நாளில் நாலு தடவை வண்டியை இங்கிருந்து அங்கே நகர்த்துவார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள். பூட்டிவிட்டு இரண்டு இரவு யாரும் தொடாமல் விட்டால் மட்டுமே வரும் கோளாறு அங்கே எப்படி வரும்?

அந்த நான்காம் முறைக்குப் பிறகுதான் கோபப்படுவதை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். பேட்டரியில் மாட்டும் சின்ன புளூடூத் மானிட்டர் ஒன்று வாங்கினேன். நிமிடத்துக்கு நிமிடம் வோல்டேஜைப் பதிவு செய்து போனில் வரைபடமாகக் காட்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி காலி. 11.8-க்கு இறங்கினால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். என் வண்டி ஒரே இரவில் 12.6-இலிருந்து 12.4-க்கு வந்தது. தினமும் ஓட்டினால் சமாளித்துவிடும், சனி ஞாயிறு நின்றால் திங்கள் காலை காலி. அதனால்தான் பெரும்பாலும் திங்கட்கிழமைகளிலேயே கழுத்தறுத்திருக்கிறது.

அடுத்து வெளியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வாரண்டி இருப்பதால் எதையும் கழற்ற வேண்டாம், அளந்து மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தது இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. எஞ்சின் மேல் மூடியான பானெட்டைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடினார். பானெட் மூடியிருக்கிறது என்று வண்டி நம்பினால்தான் தூங்கப் போகும். சாவியை என்னிடம் கொடுத்து, தள்ளிப் போய் உட்காரச் சொன்னார். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்குமாம். நாற்பது நிமிடம் சும்மா இருந்தோம்.

இந்தக் காலத்து வண்டியில் பத்துக் கணக்கில் குட்டிக் கணினிகள் உண்டு. பூட்டிய பிறகு அவை ஒவ்வொன்றாகத் தூங்கி, மொத்த மின்னோட்டம் 50 மில்லிஆம்பியருக்குள் வந்துவிட வேண்டும். என் வண்டியும் 30-க்கு வந்தது. "நல்லாத்தானே இருக்கு" என்று நான் எழுந்தபோது, "உட்காருங்க" என்றார். ஐந்தாறு நிமிடத்தில் மீட்டர் திடீரென்று நான்கு ஆம்பியருக்குத் தாவியது. ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி 30-க்கு இறங்கியது. அப்புறம் மறுபடி தாவியது. எதுவோ ஒன்று ராத்திரி முழுக்க மற்ற எல்லோரையும் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. சராசரியாக ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், 60 ஆம்பியர்-மணி பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் அறுபது மணி நேரம் தரக்கூடியது) இரண்டு, இரண்டரை நாளில் ஏறக்குறைய காலியாவதற்குக் கணக்கு சரியாக வருகிறது.

எந்த மின்சுற்றில் கோளாறு என்று கண்டுபிடிக்க அவர் ஃபியூஸைப் பிடுங்கவில்லை. பிடுங்கி மாட்டினால் தூங்குவதெல்லாம் எழுந்துவிடும், தடயம் போய்விடும். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்தார். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மட்டும் சின்ன வித்தியாசம் காட்டும். அப்படிக் காட்டியது பின்கதவைத் தானாகத் தூக்கும் மோட்டாரின் மின்சுற்று. அளவுகளை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் முறை அந்தத் தாளோடும் வரைபடத்தோடும் போனேன். சர்வீஸ் அட்வைசர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஒரு இளம் டெக்னீஷியன் வாங்கிப் படித்தார். பதினொரு நாள் வண்டி அங்கே நின்றதில் இரண்டு இரவு அவர் வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரத்தில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று தாள் ஒட்டி வைத்திருக்கிறார். ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் கூறிய கோளாறு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதியவர் அவர்தான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். பின்கதவின் கண்ட்ரோல் மாட்யூலை மாற்றினார்கள். மூன்று வாரம் நிம்மதி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

ஆறாம் முறை ஆறு நாள். வயரிங் தொகுப்பையே மாற்ற வேண்டும், பாகம் வர ஆறு வாரம் ஆகும், அதுவரை வண்டியை எடுத்துப் போங்கள் என்றார்கள். பேட்டரி இறங்குமே என்றேன். "ராத்திரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வச்சிடுங்க மேடம், காலையில மாட்டிக்கலாம்." புத்தம் புது வண்டிக்குச் சொன்ன வைத்தியம் இது.

அன்று நான் வண்டியை எடுக்கவில்லை. ஓடோமீட்டரைப் படம் எடுத்தேன், வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தேன், சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களை எல்லாம் வரிசையாகப் படித்தபோது என் தப்பு எனக்கே தெரிந்தது. நாலு மாதமாக நான் எழுதியதெல்லாம் 'தயவுசெய்து பாருங்கள்', 'சீக்கிரம் சரிசெய்து தாருங்கள்' என்பதுதான். எல்லாம் வேண்டுகோள். வேண்டுகோளுக்கு ஆகட்டும் பார்க்கலாம் என்று பதில் சொன்னால் முடிந்தது. 'இந்த வண்டியை நான் ஏற்க மறுக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்' என்று ஒரு இடத்தில்கூட நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதவரை, ஒவ்வொரு முறை பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டி வந்ததும் அவர்கள் கணக்கில் நான் திருப்தியாக வாங்கிப்போனதுதான்.

நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் நேராகத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அது தாண்டினால் சரிசெய்ய ஒரு வாய்ப்பு தர வேண்டும், அதிலும் தோற்றால் அப்புறம் மறுக்கலாம். அமெரிக்காவில் தேறாத வண்டிக்கு 'லெமன்' என்று பெயர், மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட், 1982-இல். சிங்கப்பூரிலும் 2012 முதல் அப்படி ஒரு சட்டம் உண்டு. இந்தியாவில் வண்டிக்கென்று தனிச் சட்டம் இல்லை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நமக்கு விஷயமே தெரியவருகிறது.

மறுநாள் கடிதம் அனுப்பினேன். இரண்டு பக்கம்தான். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஆறு வருகைகள், ஐந்து ஜாப் கார்டு எண்கள் (முதல் முறைக்கு இல்லையே!), ஒவ்வொரு முறையும் அவர்களே எழுதிய வாசகம். 126 நாளில் 29 நாள் வண்டி பட்டறையில் இருந்தது என்ற கணக்கு. என் மன உளைச்சலைப் பற்றி முதலில் ஒரு பத்தி எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். விற்றவருக்கு ஒன்று, தயாரித்த கம்பெனிக்கு ஒன்று என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போனது.

பிறகு நடந்தது பந்தாட்டம். கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டும் என்றது ஷோரூம், விற்றவரிடம் பேசுங்கள் என்றது கம்பெனி. நடுவில் கூடுதல் வாரண்டி தருகிறோம், ஒரு வருடம் சர்வீஸ் இலவசம், சீட் கவர் போட்டுத் தருகிறோம் என்று சலுகைகள். எடுக்காவிட்டால் நிறுத்துவதற்கு நாள் வாடகை என்று ஒரு மிரட்டல். எல்லாவற்றையும் போனில்தான் சொன்னார்கள். நான் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும், 'இன்று நீங்கள் சொன்னது இது, தவறென்றால் திருத்துங்கள்' என்று மின்னஞ்சல் போட்டுவிடுவேன். வாடகைப் பேச்சு அதற்கு அப்புறம் வரவில்லை.

இங்கே இன்னொன்று. ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் "சர்வே கால் வந்தா பத்துக்குப் பத்து சொல்லிடுங்க மேடம்" என்று கெஞ்சுவார்கள். நான்கு முறையும் பாவம் பார்த்துப் பத்து கொடுத்தேன். ஐந்தாம் முறை இரண்டு கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒர்க்ஸ் மேனேஜரே அழைத்தார். அதுவரை அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது. அந்த முந்தைய பத்துகளைத்தான் பிறகு கம்பெனி எனக்கே எடுத்துக் காட்டியது, 'நீங்கள் திருப்தி தெரிவித்திருக்கிறீர்களே' என்று.

கடன் தவணையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்திவிடு என்று சொன்னவர்கள் நிறைய. ஆனால் கடன் கொடுத்தவருக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை, நிறுத்தியிருந்தால் பழி என் பக்கம் திரும்பியிருக்கும். ஓட்டாத வண்டிக்குத் தவணை கட்டுவது ஒவ்வொரு மாதமும் வயிற்றெரிச்சல்தான்.

பதினொரு வாரம் கழித்து ஒத்துக்கொண்டார்கள். மாற்று வண்டி வேண்டுமா, பணமா என்றார்கள். அதே மாடலில் இன்னொன்றை வாங்கி ராத்திரி எழுந்து மீட்டர் பார்க்க எனக்குத் தெம்பில்லை, பணம் என்றேன். கடைசி இழுபறி, ஓட்டியதற்கான கழிவு. திருப்பிக் கொடுத்த நாளின் ஓடோமீட்டரான 4,180 கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு சூத்திரம் உண்டு. முதன்முதலில் அந்தக் கோளாறுக்காகப் பட்டறைக்கு வந்த நாள்வரை ஓடிய மைல்களை 1,20,000 ஆல் வகுத்து, அந்த விகிதத்தை மட்டுமே விலையில் கழிக்கலாம். அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாதுதான், ஆனால் தர்க்கம் பொருந்தும் அல்லவா? 312 என்றேன். முதல் வருகைக்குத்தான் ஜாப் கார்டு இல்லையே என்றார்கள். கடைசியில் இரண்டாம் வருகையின் கிலோமீட்டரில் வந்து நின்றது. பதிவுச் செலவு கிடைத்தது, காப்பீட்டில் ஒரு பகுதி போயிற்று.

கையெழுத்துப் போடும் முன் வண்டியில் இருந்து என் போன் இணைப்பு, நேவிகேஷனில் வீட்டு முகவரி, செயலிக் கணக்கு எல்லாவற்றையும் அழித்தேன். அதற்கே பேட்டரிக்கு முதலில் சார்ஜ் போட வேண்டியிருந்தது.

இப்போது வேறு கம்பெனி, வேறு ஷோரூம். பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. டெலிவரிக்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன்: வண்டியைப் பூட்டி 48 மணி நேரம் யாரும் தொடாமல் வைக்க வேண்டும், பிறகு நான் வந்து அளப்பேன். விற்பனையில் இருந்த பையன், "சும்மா நிக்கிறதுல என்ன மேடம் டெஸ்ட்?" என்று சிரித்தான். மூன்றாம் நாள் காலை மல்டிமீட்டரோடு போனேன். 12.6. "ஓகேவா மேடம்?" என்றான். இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு ஓகே என்றேன்.