பழைய மரப் படகின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய: வாக்கும் கிளீனர், சுரண்டி, ஃபேன் – நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஈரம், தூசி இரண்டையும் உறிஞ்சும் வாக்கும் கிளீனர் ஒன்று, கார்பைட் முனை வைத்த சுரண்டி ஒன்று, தரையில் நிற்கும் பெரிய ஃபேன் ஒன்று. காசிமேட்டில் கரையேற்றி வைத்திருக்கும் ஒரு பழைய மரப் படகைச் சீரமைக்க நண்பர்கள் சேர்ந்து எடுத்ததிலிருந்து, அதன் உட்புறத்துக்கு நான் அதிகம் நம்புவது இந்த மூன்றைத்தான். ஹை பிரஷர் வாஷரும் இருக்கிறது, ஆனால் அதை மரப் படகுக்குள் இறக்குவதில்லை. சில வருஷம் உழைத்த பிறகு எது தேறியது, எது எதற்கு ஆகாது என்று எழுதுகிறேன். பழைய படகு வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தளப் பலகையைக் கழற்றினால்தான் அது தெரியும். வங்குக்கும் வங்குக்கும் நடுவே ஒவ்வொரு பள்ளத்திலும் டீசல் பிசுக்கு, மணல், மீன் செதில், துருப் பொருக்கு, உரிந்த பெயின்ட், மரத்தூள் எல்லாம் சேர்ந்து கரும் களியாக இறுகிக் கிடக்கும். வங்கு என்பது படகின் விலா எலும்பு. அது ஏராவில், அதாவது அடிமரத்தில் வந்து உட்காரும் இடத்தில், தண்ணீர் ஓடுவதற்கென்று சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். எங்கே தண்ணீர் சேர்ந்தாலும் அந்த வழியாக வழிந்து, பம்ப் இருக்கும் தாழ்ந்த இடத்துக்கு வந்தாக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் பம்ப் பக்கம் காய்ந்திருக்கும், அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், குளம் கட்டி நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதிலும் மழைத்தண்ணீர்தான் மோசம். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சையைக் கடல் உப்பு ஓரளவு அடக்கி வைக்கும். மழைத்தண்ணீரில் அந்தத் தடை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மூடாமல் கரையில் விட்ட படகு, தினம் கடலுக்குப் போகும் படகை விடச் சீக்கிரம் மக்குவது இதனால்தான். அதனால் எங்கள் வேலை அந்தத் துளைகளிலிருந்துதான் ஆரம்பித்தது. வளைத்த கம்பியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்து, எல்லாத் துளைகள் வழியாகவும் மெல்லிய பித்தளைச் சங்கிலி ஒன்றைக் கோத்து விட்டோம். அதை முன்னும் பின்னும் இரண்டு தரம் இழுத்தால் அடைப்பு விட்டுவிடும். இந்த வேலையில் குறைந்த செலவில் நிறைந்த பலன் தந்தது அந்தச் சங்கிலிதான்.

சரி, வாக்கும் கிளீனருக்கு வருவோம். 1,400 வாட், 30 லிட்டர் டிரம், பிளாஸ்டிக் உடம்பு. ஸ்டீல் டிரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் துறைமுகக் காற்றில் அதன் கொக்கியும் சக்கரமும் துருப்பிடித்து நகராமல் போய்விடுகின்றன. பிளாஸ்டிக்கையே வாங்குங்கள். கூட வரும் தடிமனான முனை வங்குப் பள்ளத்துக்குள் நுழையாது. அரை இஞ்ச் பிவிசி பைப்பைச் சாய்வாக வெட்டி ஹோஸில் பொருத்தி, சந்தில் டேப் சுற்றிக்கொண்டோம். விரல் போகாத மூலையிலிருந்தும் மணல் சலசலவென்று ஏறி வந்ததைக் கேட்டபோதுதான் உள்ளே இன்னும் எவ்வளவு பாக்கி இருந்தது என்று புரிந்தது.

களியை ஈரத்தோடு உறிஞ்சினால் ஃபில்டர் உடனே அடைத்துவிடும். களியின் மேல் மரத்தூளைத் தூவி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் கரண்டியால் அள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் உறிஞ்ச வேண்டும். தண்ணீருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர், தூசிக்கு மடிப்பு ஃபில்டர். வேலை முடிந்ததும் டிரம்மை நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்தால் மோட்டார் தாங்குகிறது. ஹோஸ் மட்டும் கிழிந்துகொண்டே இருக்கும், உபரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெட்ரோல், தின்னர் வாடை இருக்கும் இடத்தில் இந்த மிஷினைப் போடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடியில்தான் போய்த் தங்கும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் வரும் சின்னப் பொறி போதும். அப்புறம், ஈர மரத்தின் மேல் நின்று கரன்ட் மிஷின் பிடிப்பதால், கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச், அதிலும் 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆவது, இல்லாத இணைப்பில் வேலை செய்ய வேண்டாம். மூடிக் கிடந்த படகு என்றால் இறங்கும் முன் மூடிகளையெல்லாம் திறந்து, ஃபேன் போட்டு, கொஞ்ச நேரம் காற்றோட விடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் யாரும் இறங்கக் கூடாது.

என் மனதுக்கு மிக நெருங்கியது சுரண்டிதான். சாதாரண புட்டி பிளேடு நாலு இழுப்பில் மழுங்கிவிடும். கார்பைட் முனை பல நாள் அப்படியே இருக்கிறது. நம் பக்கமாக இழுக்கிற மாதிரி நீளக் கைப்பிடி உள்ளதை வாங்குங்கள், தள்ளுகிற வகை பலகை மூட்டில் போய்க் குத்தும். மூலைக்கு முக்கோண முனை. மரத்தின் ரேகை போகிற திக்கில், அதிகம் அழுத்தாமல் இழுத்தால் பெயின்ட் சுருள் சுருளாக வரும். திடீரென்று சத்தம் மாறி, முனை மெத்தென்று இறங்கினால் அங்கே மரம் மக்கியிருக்கிறது. எங்கள் படகில் மக்கிய இடங்கள் பலவற்றை இந்தச் சுரண்டிதான் காட்டிக் கொடுத்தது. இரும்பு வயர் பிரஷ் வேண்டாம். அதன் பொடி மரத்தில் ஏறி, பிறகு புள்ளி புள்ளியாகத் துரு விடும். பித்தளை அல்லது நைலான் பிரஷ் போதும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு, அலங்கார பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டும், ரெட் லெட் என்று கடையில் சொல்லும் செந்நிற ப்ரைமரும் இருந்தால் காய்ந்த உப்புத்தாள் தேய்ப்பை விட்டுவிடுங்கள். லேசாக நனைத்துச் சுரண்டி, நல்ல மாஸ்க் போட்டு, சுருளைப் பையில் கட்டுங்கள். வேலை உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஹை பிரஷர் வாஷரை ஒதுக்கியதற்குக் காரணம் கலப்பத்து. பலகைச் சந்துகளில் திரித்து இறுக்கிய பஞ்சுதான் மரப் படகைத் தண்ணீர் புகாமல் காப்பாற்றுகிறது. நூறு பார் அழுத்தத்தில் தண்ணீர் பட்டால் மக்கிய பஞ்சு மட்டுமல்ல, நல்ல பஞ்சும் சேர்ந்து கிளம்பும். எங்களுக்கு வேலை செய்யும் மேஸ்திரி மிஷினைப் பார்த்ததுமே, “உள்ள அத பீச்சாதீங்க சார், பஞ்சு பிச்சிக்கினு வந்துடும்” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஃபைபர் படகுக்கு இதே வாஷர் அருமையான கருவி, அதில் எனக்கு மறுப்பே இல்லை.

பிசுக்குக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போதும். காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும், ஆனால் மரத்தின் நாரையே தின்றுவிடும், மரம் பஞ்சு பஞ்சாக எழும்பும். இரும்பு ஆணியைச் சுற்றி வரும் கருங்கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் நன்றாகக் கேட்கிறது. கையுறை அவசியம், பிறகு நன்றாக அலச வேண்டும். பிளீச்சிங்கையும் எந்த ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். எண்ணெய் கலந்த தண்ணீரைத் துறைமுகத்தில் கொட்டாமல், எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பாலிப்ரொப்பிலீன் பேடுகளை முதலில் போட்டு எடுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதைப் பார்த்த ஊர் இது.

சுத்தம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் சென்னையில் பாதி வேலை ஆரம்பிக்கிறது. மரத்தில் ஊறிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக நல்ல தண்ணீரில் மெதுவாக, திரும்பத் திரும்ப அலசி, வாக்குமில் உறிஞ்சி எடுத்தால்தான் காயும். அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் கிடைக்கிறது, கத்திரி வெயிலும் அதற்குள்தான் வருகிறது. காலையில் மேற்குக் காற்று வீசும்போது மூடிகளைத் திறந்து ஃபேனை ஓட விடுவோம். மத்தியானம் கடல் காற்று இறங்கியதும் மூடிவிடுவோம். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே தள்ளுவதை விட, உள்காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால் மூலைகள் சீக்கிரம் காய்கின்றன. நேர் வெயில் மட்டும் வேண்டாம். மரம் ஒரேயடியாகச் சுருங்கிப் பலகைச் சந்து திறந்துவிடும். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, வெளிப்பக்கம் ஈரச் சாக்கு தொங்க விடுகிறோம்.

மரத்தில் முள்ளைக் குத்தி ஈரம் அளக்கும் மீட்டரும் வாங்கினோம். உபயோகம்தான், ஆனால் உப்பு இருக்கும் மரத்தில் கரன்ட் சுலபமாகப் பாய்வதால் உண்மையை விட அதிகமாகக் காட்டும். எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே இடத்தில் குறித்துவைத்து அளந்து, இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். இறக்கம் நின்றால் இன்னொரு தரம் அலச வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே மக்கும் பூஞ்சை வளர்வது கடினம். நாங்கள் 15 பக்கம் வந்த பிறகுதான் பெயின்டைப் பற்றிப் பேசுவோம்.

பெயின்ட் என்றால் உள்ளே வெளிர் நிறமாக அடியுங்கள். புதிதாக எங்கே கசிகிறது, எங்கே துரு வழிகிறது என்பது டார்ச் அடித்ததும் தெரியும். ஏராவை ஒட்டிய அடிப்பள்ளத்தில் மட்டும் கனமாகப் பூசாமல் லின்சீட் எண்ணெய் தடவி விட்டிருக்கிறோம், அடுத்த தடைக்காலத்தில் சுரண்டியை எடுக்கும்போது வேலை பாதியாகும்.