இந்து, பௌத்த கலைச்சொல் அட்டைப் பொட்டி: இடது பக்கம் பிரமாதம், வலது பக்கம் சொதப்பல்

முதல்லயே சொல்லிருதேன், பௌத்தம் தெரிஞ்சுக்கணும்னா இந்த பொட்டிய தாராளமா வாங்கலாம், இந்து மதம் பக்கத்த நம்பி வாங்குனா ஏமாந்துருவீங்க. பாளையங்கோட்டை புத்தகத் திருவிழால ஒரு சின்ன ஸ்டால்ல வாங்குனது. கர்மா, தர்மம், சம்சாரம், நிர்வாணம், மோட்சம்னு சொல்லுக்கு ஒரு அட்டை. முன்னால சொல்லு, பின்னால நடுவுல கோடு போட்டு இடது பக்கம் பௌத்தம் என்ன சொல்லுது, வலது பக்கம் இந்து மதம் என்ன சொல்லுதுன்னு பிரிச்சிருக்காவ. ஐடியா சூப்பர், ரெண்டு பேரும் ஒரே சொல்ல வச்சுக்கிட்டு வேற வேற விஷயம் பேசுறதுலதான நம்மள்ல பாதிப் பேரு குழம்புறோம்.

பொட்டிலயே பெஸ்ட் அட்டை அனாத்மா. மிலிந்த ராஜாவும் நாகசேனருங்கற பௌத்தத் துறவியும் பேசுற கதைய வச்சு விளக்கிருக்காவ. தேர்ல வந்தேன்னு ராஜா சொல்ல, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரான்னு நாகசேனர் ஒண்ணொண்ணா கேக்க, ராஜா எல்லாத்துக்கும் இல்ல இல்லங்காரு, கடைசில இதெல்லாம் சேந்ததுக்கு வச்ச பேருதான் தேருன்னு ராஜா வாயாலயே வந்துருது, அதே மாதிரி உடம்பு, நுகர்ச்சி, அறிவுன்னு அஞ்சு கந்தம், அதாவது அஞ்சு தொகுதி, சேந்ததுக்கு வச்ச பேருதான் நாகசேனன், உள்ள தனியா ஆத்மான்னு ஒண்ணு உக்காந்துருக்கலன்னு நாகசேனர் முடிக்காரு. ஆனித் திருவிழால நெல்லையப்பர் தேர் வடம் புடிச்ச ஆளுக்கு இதவிட லேசா எப்படிச் சொல்ல. எங்க பெரியப்பா படிச்சிட்டு "ஏல, ஆத்மாவே கெடையாதுன்னா அடுத்த பொறப்பு எடுக்கது யாருல?"ன்னு ஒரே போடா போட்டாவ. அதுக்கும் பதில் கீழயே இருக்கு பெரியப்பான்னு காட்டுனேன், ஒரு விளக்குலருந்து இன்னொரு விளக்க ஏத்துனா அதுலருந்து இதுக்கு எதுவும் எந்திரிச்சுப் போகல, ஆனா அது இல்லாம இது எரியலன்னு அதே நாகசேனர் சொன்னது. "வெவரமான ஆளுதான்"னு ஒத்துக்கிட்டாவ, ஆனா நம்பல.

கர்மா அட்டையும் இடது பக்கம் நல்லாருக்கு. செயலுக்குப் பின்னால இருக்க எண்ணத்த, சேதனைய, அதத்தான் புத்தர் கர்மம்னாரு, அதுக்குப் பலன் குடுக்க தனியா கடவுள் வேண்டாம்னு தெளிவா இருக்கு. வலது பக்கத்துக்கு வந்தா "முன்வினைப் பயன்"னு ரெண்டே சொல்லு, மிச்சம் வெத்து இடம். வேள்விதான் கர்மம், அதோட பலன அபூர்வம்னு ஒரு சக்தி கொண்டு சேக்கும்னு வேதச் சடங்குக்கு விளக்கம் சொல்ற மீமாம்சகர் சொன்னது இல்ல, வினை அறிவில்லாத சடம், அதுக்கா வந்து ஒட்டத் தெரியாது, சிவன்தான் கூட்டுவாருன்னு சைவ சித்தாந்தம் சொல்றது இல்ல. இத போட்டாத்தானய்யா புத்தர் எதுல ஒத்துப்போறாரு எதுல முட்டுறாருன்னே தெரியும்?

மோட்சம் அட்டைலதான் எனக்கு நெசமாவே கடுப்பாயிட்டு. வலது பக்கம் முழுக்க "ஆன்மா பிரம்மத்தில் கரைந்து ஒன்றாகிவிடும்", அவ்வளவுதான். அது ஆன்மாவும் பிரம்மங்கற பரம்பொருளும் ஒண்ணேங்கற அத்வைதம். அது மட்டுமா இந்து மதம்? திருநெல்வேலில கட போட்டு விக்கீங்க, சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்துக்கு மாபாடியம்னு பெரிய உரை எழுதுன சிவஞான முனிவர் பொறந்த விக்கிரமசிங்கபுரம் இந்தா பாபநாசம் போற வழில இருக்கு. பதி, பசு, பாசம்னு சொல்ற இறைவன், உயிரு, கட்டுக்கு ஒரு அட்டை கெடையாது, உயிரக் கட்டுற ஆணவம், கன்மம், மாயைங்கற மூணு மலத்துக்கு கெடையாது. சித்தாந்தத்துல முத்தி அடைஞ்சாலும் உயிரு காணாமப் போகாது, தாளும் தலையும் சேந்து தாடலைன்னு ஆகுற மாதிரி ஒண்ணும் இல்லாம ரெண்டும் இல்லாம சிவன் திருவடில இருந்து இன்பத்த அனுபவிக்கும். வைஷ்ணவங்களுக்கோ கரையுறதே பிடிக்காது, "வழுவிலா அடிமை செய்ய வேண்டும் நாம்"னு நம்மாழ்வார் பாடிருக்காரு, பெருமாள் கூடயே இருந்து கைங்கரியம், அதாவது தொண்டு, பண்ணணும், அவரு ஊரு ஆழ்வார்திருநகரில எந்த வயசான அம்மாட்ட கேட்டாலும் சொல்லுவாவ. இவ்வளவு சண்டையும் சுவாரசியமும் இருக்க எடத்துல ஒரே வரிய எழுதிட்டு அடில "நிர்வாணமும் இதுவும் ஒன்றே"ன்னு வேற போட்டுருக்காவ, அப்ப கோடு எதுக்கு போட்டீங்க?

நிர்வாணம் அட்டைலயும் ஒரு தப்பு இருக்கு. ராகம், துவேஷம், மோகம், அதாவது ஆசை, வெறுப்பு, மயக்கம், அணைஞ்சு போறதுன்னு மேல சரியா எழுதிட்டு, கீழ பிராக்கெட்ல "சூன்யம், ஒன்றுமில்லாமை"ன்னு சேத்துட்டாவ. நாகார்ஜுனர்ங்கற பௌத்த அறிஞர் பேசுன சூன்யதை ஒண்ணுமில்லாமை இல்ல, எந்தப் பொருளும் இன்னொண்ணச் சாராம தன்னால நிக்கிறதில்லங்கறது.

அப்புறம் பன்னிரண்டு நிதானம், ஒண்ணுலருந்து ஒண்ணா துன்பம் எப்படி வருதுன்னு பௌத்தம் சொல்ற காரணச் சங்கிலி. அவித்யா, சம்ஸ்காரம், விஞ்ஞானம்னு வாய்ல நுழையாம அடுக்கிருக்காவ, அதுல ரெண்டு எழுத்துப்பிழை. மணிமேகலை 30ஆம் காதைல பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன்னு மொத்தத்தையும் சாத்தனார் தமிழ்லயே வரிசையா வச்சிட்டாரு, உ.வே.சா. அத 1898லயே அச்சுல கொண்டுவந்தாச்சு. தமிழ் அட்டைல தமிழ் வரிசைய போடுறதுக்கு என்ன வந்துச்சு? நான் பேனாவால பக்கத்துல எழுதி வச்சிக்கிட்டேன், படிக்க ரொம்ப லேசாருக்கு.

பிரிண்ட் நல்லாருக்கு, எழுத்து பெருசு, பெரியவங்களும் கண்ணாடி இல்லாம படிக்கலாம். லேமினேஷன் ஓரத்துல சீக்கிரம் பிரியுது. க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணுனா எதுவும் தொறக்கல. விலை கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசுனா கொறப்பாவ.

காலேஜ்ல தத்துவம் எடுத்துப் படிக்கிற பிள்ளைங்களுக்கு இடது பக்கம் பரீட்சைக்கே போதும். வலது பக்கத்துக்கு ஆள் வச்சு சொல்லிக் கேட்டுக்கோங்க, எனக்கு பெரியப்பா கெடச்ச மாதிரி. அடுத்த பதிப்பு போடுறவுக கவனத்துக்கு, சித்தாந்தத்துக்கும் வைஷ்ணவத்துக்கும் தனித்தனி அட்டை வேணும், அப்டியே சாஸ்தாவுக்கும் ஒண்ணு போடுங்க, பங்குனி உத்திரத்துக்கு ஊரே சாஸ்தா கோயிலுக்கு போகுது, அமரகோசங்கற பழைய சமஸ்கிருத அகராதில புத்தர் பேரு வரிசைல சாஸ்தாங்கற பேரும் இருக்குங்கறது இங்க பல பேருக்கு தெரியாது. இப்போதைக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார், மூணும் இடது பக்கத்துக்கு.