பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் பிட்ச்சிங் வகுப்பு: ரவுண்ட் ராக் பக்கம் நாங்கள் போகும் இடம்

டெக்சாஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில், ரவுண்ட் ராக், செடார் பார்க் பக்கம் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு 12 வயது. சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம், பந்தைக் கீழ்க்கையாகப் போடுவார்கள்) பிட்ச்சர், அதாவது பந்து போடுகிறவள், இடது கை. போன வருடத்திலிருந்து ஒரு தனிப் பயிற்சியாளரிடம் போகிறாள். அவர் கல்லூரி அணியில் பிட்ச்சராக இருந்து, பிறகு தொழில்முறை லீகில் ஆடி, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தனி ஆளாக நடத்துகிறார், கூட்டம் சேர்வதை விரும்பவில்லை. அதனால் பெயரைப் போடவில்லை. வேண்டுபவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

இடம் சாதாரணம்தான். தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு, உள்ளே பச்சை விரிப்பு, வலை கட்டிப் பிரித்த இரண்டு தடங்கள். ஏசி கிடையாது, பெரிய மின்விசிறிகள் உண்டு. ஜூலை மாதம் டெக்சாஸ் வெயிலில் அது போதாது, பனிக்கட்டி போட்ட தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். அரை மணி நேரத்துக்கு 60 டாலர். கேட்சர் அவர் தரமாட்டார், அம்மாவோ அப்பாவோதான் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. முகக்கவசமும் முழங்கால் காப்பும் வாங்கிவிடுங்கள். 12 வயதுப் பிள்ளைகள் 40 அடியிலிருந்து போடும் டிராப் பால் (கிட்டே வந்ததும் கீழே இறங்கும் பந்து) தரையில் பட்டு எங்கே எகிறும் என்று சொல்ல முடியாது.

இதற்கு முன் போன இடம் வேறு மாதிரி. பெரிய கட்டடம், நல்ல ஏசி, சுவரில் வேகப் பலகை. வகுப்பு தொடங்கியதும் ரேடார் துப்பாக்கியை எடுத்துவிடுவார்கள். முதல் பத்து நிமிடம் மணிக்கட்டை மட்டும் சுண்டிச் சுண்டிப் பந்து போடும் பயிற்சி. பந்து கையை விட்டதும் முழங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி முடிக்கச் சொல்வார்கள். வேகம் ஏறியது, கூடவே தோள்வலியும் வந்தது. குழந்தை தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறியதைப் பார்த்த பிறகு நாங்கள் அங்கே போகவில்லை.

புதிய கோச் முதல் வகுப்பில் இவளைக் கையை முழுச் சுற்று சுற்றவே விடவில்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து மஞ்சள் பந்தின் நடுவில் ஒரு பட்டையாகச் சுற்றினார். வலைக்கு ஆறேழு அடி தள்ளி நிறுத்தி, கையை இடுப்பளவில் மட்டும் ஆட்டிப் போடச் சொன்னார். பந்து நேராகச் சுழன்றால் அந்தக் கறுப்புப் பட்டை அசையாத ஒரே கோடாகத் தெரியும். சுழற்சி கோணினால் பட்டை தள்ளாடும். பிள்ளைக்கு யாரும் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, அவளே பார்த்துவிடுகிறாள். அடுத்து கை இறங்கும் பாதை. இடது கைக்காரி என்பதால் மேலிருந்து இறங்கும்போது உள்ளங்கை முதல் பேஸ் பக்கம், அதாவது அவளுக்கு இடது பக்கம், பார்க்க வேண்டும். முன்கை இடுப்பை லேசாக உரசிக்கொண்டு போகும், அந்த இடத்தில் கை உள்பக்கமாகத் திரும்பும், பந்து கிளம்பும். முழங்கையைத் தூக்கி முடிக்கிற பேச்சே இல்லை. கை தானாக உடம்பின் குறுக்கே போய் நிற்கும். கொஞ்ச நாளில் வலி போய்விட்டது. வேகம் சில மாதம் குறைந்தேதான் இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. அந்த நடு மாதங்களில் பொறுமை வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாடத்துக்கு நடுவில் போனை எடுத்து அவர் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: கேட் ஆஸ்டர்மன். ஹூஸ்டன்காரர், 6 அடி 2 அங்குலம், இடது கை. நம் ஆஸ்டினிலேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2002 முதல் 2006 வரை, நடுவில் ஒலிம்பிக்குக்காக 2004ஐ விட்டுவிட்டு, அவர் எடுத்த ஸ்ட்ரைக்அவுட் (அடிக்க வந்தவர் பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆவது) 2,265. ஏழு இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரி 14.34 என்பது கல்லூரி ஆட்டத்தில் சாதனை. ஒரு ஆட்டத்தில் எதிரணிக்கு 21 அவுட்தான். அதில் 14ஐ பிட்ச்சர் ஒருத்தியே முடித்துவிடுகிறார் என்றால், பின்னால் நிற்கும் பீல்டர்களுக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டங்கள் 20. இத்தனையும் பெரிய வேகத்தில் வந்தவை இல்லை. மணிக்கு 70 மைல் போடுகிறவர்கள் இருந்த காலத்தில் இவர் அறுபதுகளில்தான் போட்டார். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னால் பந்து விழும், அல்லது விலகும். வேகப் பலகையை மாட்டிவைக்கும் பயிற்சி மையங்கள் இதை ஏன் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி மொத்தம் 51 ரன் எடுத்து ஒரே ஒரு ரன் கொடுத்தது. அந்தத் தங்க அணியில் ஆஸ்டர்மன்தான் வயதில் சிறியவர். 2008 பெய்ஜிங் இறுதியில் ஜப்பானிடம் 3-1 என்று தோற்று வெள்ளி. அதோடு ஒலிம்பிக்கிலிருந்து சாஃப்ட்பாலையே எடுத்துவிட்டார்கள். பிறகு மிஞ்சியது நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச் என்ற லீக். அங்கே ஒரு அணி முழுவதற்குமான சம்பள வரம்பே 150,000 டாலர். 2016இல் மோனிகா அபாட் என்ற பிட்ச்சர் கையெழுத்திட்ட பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் பெரிய செய்தியானது, ஆனால் அதிலும் நிலையான சம்பளம் வருடத்துக்கு 20,000தான், மீதி ரசிகர்கள் வருகையைப் பொறுத்தது. உச்சத்தில் இருந்தவருக்கே அப்படியென்றால் மற்றவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டாம். அதனால் கோடையில் ஆடுவார்கள், மீதி மாதங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆஸ்டர்மனும் அப்படித்தான். சிகாகோவின் டிபால், ஆஸ்டினின் செயின்ட் எட்வர்ட்ஸ், பிறகு சான் மார்க்கஸில் டெக்சாஸ் ஸ்டேட் என்று பல்கலைக்கழகங்களில் துணைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே அந்த லீகின் ராக்ஃபோர்ட் தண்டர், யுஎஸ்எஸ்எஸ்ஏ பிரைடு அணிகளுக்கு ஆடினார். 2015இல் ஓய்வு பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக சாஃப்ட்பாலைத் திரும்பச் சேர்த்த பிறகு ஓய்விலிருந்து வெளியே வந்தார். 2021இல், 38 வயதில், முதல் ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் 9 ஸ்ட்ரைக்அவுட். இறுதியில் மறுபடி ஜப்பான், மறுபடி வெள்ளி. 2025இல் தொடங்கிய புதிய லீகில் வோல்ட்ஸ் அணிக்கு முதல் பொது மேலாளராக இருந்தவர் அவர்தான்.

எங்கள் கோச் அந்த உயரத்துக்குப் போனவர் இல்லை. ஆடிய லீக் அதே நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச்தான், 2021இல் மூடப்பட்ட அந்த லீக். கோடையில் யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டு அறையில் தங்கி ஆடியதாகவும், ஆட்டம் இல்லாத காலைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து பெட்ரோல் காசு பார்த்ததாகவும் ஒருநாள் சாமான்களை எடுத்து வைக்கும்போது சொன்னார். நான் கொடுக்கும் 60 டாலரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரவு தான் போட்ட பந்தை மறுநாள் காலை பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி பிரித்துச் சொல்ல வேண்டிய நிலையில் வருடக்கணக்காக இருந்தவர் அவர். அது பேச்சில் தெரிகிறது. "இடுப்பைத் திருப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டார். "பின்கால் பெருவிரல் தரையில் கோடு கிழித்துக்கொண்டு வரட்டும்" என்பார். என் மகள் உடனே செய்துவிடுகிறாள். இன்னொன்று, அடி வாங்கிய பந்துக்கு அவர் முகம் சுளித்து நான் பார்த்ததே இல்லை. ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) போனால் எந்தப் பந்து, எந்த இடத்தில், அடுத்து என்ன போடுவாய் என்று மூன்றே கேள்வி. என் பிள்ளை இப்போது ஆட்டம் தோற்று வந்தால் காரில் அழுவதில்லை, அந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறாள்.

குறைகளும் உண்டு. வசந்த காலத்தில் அவர் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்கும் பயிற்சி தருவதால் பிப்ரவரி முதல் மே வரை வாரநாளில் நேரம் கிடைப்பது கஷ்டம். நம் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடப்பதும் அப்போதுதான், ஆத்திரம் வரும். முந்தின நாளே சொல்லாமல் வராமல் போனால் முழுக் கட்டணம். பேட்டிங் சொல்லித்தரமாட்டார். கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பும் வீடியோ, சிபாரிசு எதையும் எதிர்பார்க்காதீர்கள். 14 வயதுக்குக் கீழே அந்தப் பேச்சே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவார். ஸ்காலர்ஷிப் கணக்கோடு வருகிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. அதேபோல், ரைஸ் பால் (மேலே எழும்புவது போல் தெரியும் பந்து) வேண்டும் என்று இப்போதே கேட்கிற பிள்ளைகளும் காத்திருக்க வேண்டும். முதலில் டிராப், அடுத்து சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து), அவை இரண்டும் நினைத்த இடத்தில் விழுந்த பிறகுதான் மூன்றாவது.

எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இருவராகச் சேர்ந்து போவது நல்லது. ஆளுக்கு 40 டாலர், ஒருத்தி போடும்போது மற்றவள் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். பந்து வாங்கும்போது கவனியுங்கள்: 10 வயதுப் பிரிவு வரை 11 அங்குலப் பந்து, அதற்கு மேல் 12 அங்குலம். சின்னக் கையில் பெரிய பந்தைக் கொடுத்தால் பிடியே கெட்டுப்போகும். புதிய பிள்ளைகளை ஆகஸ்ட் கடைசியில்தான் சேர்க்கிறார், காத்திருப்போர் பட்டியல் உண்டு. இடது கைப் பிள்ளை என்றால் செய்தி அனுப்பும்போதே எழுதிவிடுங்கள். அவர்களை அடுத்தடுத்த நேரத்தில் போட்டு, ஒருவரை ஒருவர் பார்க்க வைக்கிறார்.