முழங்கால் விட்டுப்போன கீழ்க்கால் எக்ஸ்ரேயை வாங்காதீர்கள்

பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகிய ஒருவருக்கு ஸ்கேன் சென்டர் ஒன்றில் நடந்தது இது. டாக்டர் சீட்டில் கீழ்க்காலுக்கு இரண்டு வியூ, அதாவது முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று. பில்லிலும் இரண்டுக்குத்தான் காசு. கைக்கு வந்ததோ முன்பக்கப் படம் ஒன்று மட்டும். அதுவும் முழங்காலுக்கு நாலு விரல் கீழேயே முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ‘எலும்பு முறிவு இல்லை’. வலி அடங்காமல் வேறு இடத்தில் முழுக்காலையும் எடுத்தபோது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பின் கழுத்தில் முறிவு.

கணுக்கால் திருகும்போது சில சமயம் அந்த விசை, கீழ்க்காலின் தடித்த எலும்பான டிபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவிலுள்ள சவ்வு வழியே மேலேறி, ஃபிபுலாவை மேல்பகுதியில் முறித்துவிடும். மேசனூவ் முறிவு என்பார்கள். கீழே தசைநார் கிழிந்து கணுக்கால் மூட்டு நிலைகுலைந்திருக்கும். பலருக்கு ஸ்க்ரூ போட வேண்டிவரும். ஆகவே கீழ்க்கால் எக்ஸ்ரேயில் முழங்கால், கணுக்கால் இரண்டு மூட்டும் இருந்தே ஆக வேண்டும்.

‘கால் நீளம், பிளேட்டில் அடங்கலை’ என்பது சாக்கு. படம் பதியும் 35×43 செ.மீ. பிளேட்டில் மூலைக்கு மூலை 55 செ.மீ. கிடைக்கும். அதிலும் அடங்காவிட்டால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நடுப்பகுதி இரண்டிலும் வரும்படி எடுக்க வேண்டும். ‘வலியில் காலைத் திருப்ப முடியலை’ என்பதும் அப்படித்தான். அடிபட்ட காலை வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது. கதிர் வரும் ட்யூபைப் படுக்கைவாட்டில் திருப்பி, பிளேட்டைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பக்கவாட்டுப் படம் கிடைத்துவிடும்.

முன்பக்கப் படத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா பாருங்கள். ஃபிபுலா பெரும்பாலும் டிபியாவுக்குப் பின்னால் மறைந்திருந்தால், கால் வெளிப்பக்கம் சாய்ந்தபடியே எடுத்திருக்கிறார்கள். எலும்புக்குள் மெல்லிய வலைக்கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும். கோடு கலங்கியிருந்தால் பெரும்பாலும் கால் அசைந்திருக்கிறது. மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தால் கதிர் போதவில்லை. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் அது சரியாகாது.

பெயர், தேதியோடு வலது இடது மார்க்கரும் கட்டாயம். எடுக்கும்போதே ஈய எழுத்தை வைப்பதுதான் பாதுகாப்பு; பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டும்போது பக்கம் மாறிப்போன கேஸ்கள் உண்டு.

கவுண்டரை விட்டு நகரும் முன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு மூட்டையும் தேடுங்கள். இல்லையென்றால் டாக்டர் சீட்டைக் காட்டி, விட்டுப்போன படத்தைக் காசில்லாமல் எடுத்துத்தரக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ போதாது, சிடியையும் கேட்டு வாங்குங்கள்.