இறங்காமல் மேலேறிய விமானம்: ஒரு கோவை–சென்னைப் பயண மதிப்புரை

நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், கட்டணம் குறைந்த விமான நிறுவனம் ஒன்றின் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் கோவையிலிருந்து சென்னைக்கு வந்தேன். நேரத்துக்குக் கிளம்பினார்கள், இருக்கை சுத்தமாக இருந்தது, காசு கொடுத்து வாங்கிய உப்புமா சுமார். இவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியதெல்லாம் கடைசி அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று கடற்பக்கமிருந்து வீசும்போது, சென்னையில் விமானங்கள் மேற்கிலிருந்து வந்து காற்றை எதிர்கொண்டு இறங்கும். அன்றும் அப்படியே வந்தோம். சக்கரங்கள் இறங்கிய சத்தம் கேட்டது. இறக்கை விளக்கின் வெளிச்சத்தில் மழை கோடு கோடாகத் தெரிந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிவிடலாம் என்கிற உயரம். அந்த நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் ஒருசேர உறுமின. முதுகு இருக்கையோடு அழுந்தியது. சக்கரங்கள் மறுபடி உள்ளே போய் அடங்கின. ஓடுபாதை விளக்குகள் கீழே ஓடி மறைய, இடப்பக்கச் சன்னலில் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகள் ஒரு கணம் தெரிந்தன. பிறகு மேகம், அதற்குப் பிறகு கடலின் இருட்டு.

இப்படி இறங்காமல் மேலேறுவதற்கு விமானத் துறையில் கோ-அரவுண்ட் என்று பெயர். 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது, இதே சென்னை ஓடுபாதையில் ஒரு விமானம் தரையை ஒட்டி வந்து, தள்ளாடி, மேலேறிப் போன காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மயிரிழையில் தப்பியதுபோல் தெரியும்; உள்ளே விமானிக்கோ பயிற்சிக் கூடத்தில் திரும்பத் திரும்பச் செய்து பழகிய காரியம். வேகம், உயரம், இறங்கும் வீதம் எல்லாம், மேகமூட்டமாக இருந்தால் 1,000 அடிக்கு வருவதற்குள் வரையறைக்குள் அமைந்துவிட வேண்டும், அமையாவிட்டால் மேலேறிவிட வேண்டும் என்பது பரவலாக உள்ள விதி. அதற்குக் கீழே வந்த பிறகு காற்று மாறினாலும் அதே முடிவுதான். செங்குத்தாக ஏறுவதுபோல் நமக்குத் தோன்றுவதில் பாதி பிரமை: இருட்டில் வேகம் சட்டென்று கூடும்போது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதையும் மேல்நோக்கிய சாய்வாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே விமானிக்கு என் முழு மதிப்பெண். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. விமானப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, ஒழுங்காக அமையாத இறங்குமுயற்சிகளில் நூற்றுக்கு மூன்றில்தான் விமானிகள் கோ-அரவுண்ட் செய்கிறார்கள். மற்றவற்றில் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று தொடர்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தின் விலை நம் பக்கத்திலேயே தெரிந்ததுதான். 2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி மேலேறச் சொல்லியும் இறங்குவது தொடர்ந்தது. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், ஒருமுறை மேலேறிவிட்டுத் திரும்ப வந்த விமானம், இரண்டாம் முயற்சியில் ஓடுபாதையின் நடுப்பகுதி வரை வந்தே தரையைத் தொட்டு, அதன் முனையைத் தாண்டி விழுந்தது. இவற்றையெல்லாம் படித்தவனுக்கு, எஞ்சின் உறுமிய சத்தம் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

பக்கத்து இருக்கை அம்மாவுக்கு அப்படி இல்லை. எழுபது வயதிருக்கும், முதல் விமானப் பயணம் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் தம்பி, இறங்காமயே போகுதுங்களா?" என்றார். "ஒண்ணுமில்லைங்கம்மா, ஒரு சுத்து சுத்திட்டு இறங்கும்" என்றேன். அப்போது அவருக்குக் கிடைத்த விளக்கம் அது ஒன்றுதான். ஒலிபெருக்கி ஒன்பது நிமிடங்கள் மௌனமாக இருந்தது.

முதல் சில நிமிடங்களுக்கு விமானி அறையைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசியபடி அடுத்த முயற்சிக்கான வேலைகளைச் செய்துகொண்டிருப்பார். பயணிகளோடு பேசுவது அந்த வரிசையில் கடைசிதான். ஆனால் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பணிப்பெண்களின் கையெட்டும் தூரத்திலேயே ஒலிபெருக்கி இருந்தது. "பாதுகாப்புக்காக மேலே ஏறியிருக்கிறோம், சற்று நேரத்தில் மறுபடி இறங்குவோம்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பின்வரிசையில் ஒரு குழந்தை அழ, யாரோ கந்த சஷ்டி கவசத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒருவழியாகக் கேப்டன் பேசினார். காற்று திடீரென்று மாறியதால் மேலேறியதாகவும், தேவைப்பட்டால் பெங்களூரு போகவும் எரிபொருள் இருப்பதாகவும் தெளிவாக, பதற்றமில்லாமல் சொன்னார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு இந்தியில். கோவையில் கிளம்பிச் சென்னையில் இறங்கும் விமானத்தில் தமிழில் ஒரு சொல் இல்லை. சமோசா விற்பனைக்கு இருக்கிறது என்பதை மட்டும் அரைமணி நேரத்துக்கு முன் தமிழில் அறிவித்திருந்தார்கள்.

இரண்டாம் முறை பூப்போல இறக்கினார். கைதட்டினார்கள், அந்த அம்மாவும் தட்டினார். மொத்தத் தாமதம் இருபத்தைந்து நிமிடம்.

மறுநாள் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விமானியின் முடிவைப் பாராட்டி ஒரு பத்தி, மௌனத்தையும் மொழியையும் பற்றி இரண்டு பத்திகள். நான்காம் நாள் பதில் வந்தது. விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு மிகவும் வருந்துவதாக அதில் எழுதியிருந்தார்கள்.