தமிழ் வசனத்துக்கு வாயசைவு: ரூபார்பா, பாப்பகாயோவா?

2டி கதாபாத்திரத்தின் வாயைக் குரலுக்கு ஏற்ப அசைக்க, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் ரூபார்ப் (Rhubarb Lip Sync), பாப்பகாயோ (Papagayo) இரண்டும் முக்கியமானவை. தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கும் வேண்டாம், சாதாரண லேப்டாப்பே போதும். தமிழ் வசனம் என்றால் நான் ரூபார்ப் பக்கம்.

பாப்பகாயோவில் வசனத்தைத் தட்டச்சு செய்து, ஒலி அலையின் மேல் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பொருத்த வேண்டும். ஆங்கிலச் சொல்லை அகராதியே ஒலிகளாகப் பிரித்துவிடும். தமிழ்ச் சொல்லுக்கு நாம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ரூபார்புக்குக் குரல் பதிவின் டபிள்யூஏவி (WAV) ஒலிக்கோப்பைக் கொடுத்தால், எந்த நொடியில் எந்த வாய் என்ற பட்டியலைத் தரும். ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் ஆறு வாய் வடிவங்கள் கட்டாயம். ஜி, எச், எக்ஸ் விருப்பம். 'வ' அடிக்கடி வரும் என்பதால், மேற்பல் கீழுதட்டைத் தொடும் ஜி-யையும் வரைந்து வையுங்கள். ஓடவிடும் முன் பேச்சை அடையாளம் காணும் பகுதியான ரெகக்னைசரை, ஒலியை மட்டும் பார்க்கும் ஃபொனெட்டிக் (phonetic) என்று மாற்றுவது அவசியம். இயல்பாக இருப்பது ஆங்கிலத்துக்கானது. தமிழ்ப் பேச்சிலும் ஆங்கிலச் சொற்களையே தேடி வாயைக் குழப்பிவிடும்.

எனக்கு முடிவைத் தந்தது சொல்லின் கடைசியில் வரும் 'ம்'. 'மரம்', 'வரும்', 'போகணும்' என்று எழுதுகிறோம். பேசும்போது அந்த 'ம்'முக்கு உதடு ஒட்டுவதில்லை, உயிரோடு கலந்து மூக்கொலியாகிவிடுகிறது. பாப்பகாயோவில் எழுத்தைப் பார்த்துப் பிரித்தால் சொல்லுக்குச் சொல் வாய் மூடும். வீட்டில் பேசும் பாட்டிகூடச் செய்தி வாசிப்பவர் போலத் தெரிவார். ஃபொனெட்டிக் முறைக்கு எழுத்தே தெரியாது, ஒலிதான் கணக்கு. அங்கும் சில இடங்களில் மூடிய வாயான ஏ விழும். அதை நீக்கி, முந்தைய உயிரின் வடிவத்தை நீட்டினால் சரியாகிவிடும்.

'அம்மா', 'தப்பு' போன்றவற்றில் சிக்கல் நேர் எதிரானது. இரட்டித்த மெய்யில் உதடு நெடுநேரம் ஒட்டியிருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது ஒரே ஃபிரேமாகச் சுருங்கினால் கண்ணுக்குப் படாது. குறைந்தது 2 ஃபிரேம் கொடுத்து, ஒலிக்கு 1 ஃபிரேம் முன்னதாகவே வாயை மூடுங்கள். ழ, ள, ண மூன்றுக்கும் நாக்கு உள்ளே மடிவது வெளியே தெரியாது, தனி வடிவம் வரைய வேண்டியதில்லை.

டப்பிங்கில் ஒரு வரி மாறினால் ரூபார்பில் மறுபடி ஓடவிட்டுத் திருத்தினால் போதும். பாப்பகாயோவில் அந்த வரியை முதலிலிருந்து இழுத்துப் பொருத்த வேண்டும்.

ரூபார்புக்குக் கொடுக்கும் ஒலியில் பின்னணி இசை கலந்திருக்கக் கூடாது. இசையிலிருந்து பிரித்த குரல் கிடைக்காத பாடல் காட்சிகளை மட்டும் பாப்பகாயோவிடம் விடுவேன்.